பொக்லைன் நடு வேலையில் நின்றால்... சென்சாரை மாற்றும் முன் ஐந்து சோதனை

வேலை ஆரம்பித்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பொக்லைன் திடீரென ஆஃப் ஆகிறது. செல்ஃப் அடிக்கிறது, ஆனால் இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது. மானிட்டரில் ஒரு எரர் கோடு. தெரிந்தவருக்கு போன் போட்டால், "ஸ்பீடு சென்சார் போயிருக்கும், புதுசு வாங்கி மாட்டுங்கண்ணே" என்கிறார். வாங்கி மாட்டினால் மறுபடியும் அதே கோடு! சென்சார் காசும் போச்சு, ஒரு நாள் வாடகையும் போச்சு.

ஒரே மிஷினை வைத்து மாதத் தவணை கட்டுபவருக்கு இது சின்ன நஷ்டம் இல்லை. ஒன்றை மட்டும் மனசுல வைங்க: எரர் கோடு எந்த சர்க்யூட்டில் கோளாறு என்று காட்டும், எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. சென்சார், வயர், கனெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். ஒரு மல்டிமீட்டரும் உங்கள் செல்போனும் இருந்தால், கோளாறு எந்த இடத்தில் என்று பெரும்பாலும் நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

சென்சாரின் வேலை என்ன?

இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃபிளைவீல் பற்களுக்கு எதிரே, மிகச் சிறிய இடைவெளியில் இந்த சென்சார் இருக்கும். சில இன்ஜின்களில் இது கிராங்க் ஷாஃப்ட் அருகே இருக்கும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின் துடிப்பு போகும். அதை எண்ணித்தான் கம்ப்யூட்டர் ஆர்பிஎம் கணக்கிடுகிறது.

பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினில் இந்த சென்சார் போனால் பெரும்பாலும் மீட்டர் மட்டும்தான் வேலை செய்யாது, இன்ஜின் ஓடும். காமன் ரெயில் இன்ஜினில் அப்படி இல்லை. டீசலை எப்போது தெளிக்க வேண்டும் என்பதையும் கம்ப்யூட்டர் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. சக்கரம் உள்ள கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரலில் புதிய புகை விதிமுறை வந்த பிறகு, இந்த வகை இன்ஜின்கள்தான் அதிகம் வருகின்றன. அதனால் இதைத் தெரிந்து வைத்திருப்பது இப்போது அவசியம்.

முதலில் பாதுகாப்பு

மிஷினை சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்கள். செல்ஃப் அடித்துப் பார்க்கும்போது ஃபேன், பெல்ட் அருகே யாரும் இருக்கக் கூடாது. காமன் ரெயில் டீசல் பைப்பை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும்.

சோதனை 1: கோடை போட்டோ எடுங்கள்

பேட்டரியைக் கழற்றும் முன் மானிட்டரை செல்போனில் படம் எடுங்கள். பல மிஷின்களில் எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று இரண்டு எண்கள் வரும். எஸ்பிஎன் 190 என்றால் இன்ஜின் வேகம். எஃப்எம்ஐ எண் கோளாறின் வகையைச் சொல்லும். 3, 4, 5 வந்தால் வயர், கனெக்டர் பக்கம் முதலில் பாருங்கள். 2 அல்லது 8 வந்தால் சிக்னல் ஒழுங்காக வரவில்லை. இடைவெளி, அழுக்கு, லூஸ் போல்ட், பல் சேதம் ஆகியவற்றைப் பாருங்கள்.

வேறு சென்சார்களின் கோடுகளும் சேர்ந்து வந்தால் ஸ்பீடு சென்சாரைக் குறை சொல்லாதீங்க. பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் லைன்தான் போகும். அதில் எங்காவது ஷார்ட் ஆனால் எல்லாமே சேர்ந்து கோடு காட்டும்.

சோதனை 2: பேட்டரியும் மீட்டரும்

செல்ஃப் அடிக்கும்போது 24 வோல்ட் மிஷினில் சுமார் 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரி, டெர்மினல், எர்த் வயரைச் சரி செய்யுங்கள். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் நல்ல சென்சார்கூட போதுமான சிக்னல் தராது. பேட்டரி நன்றாக இருந்தும் ஆர்பிஎம் முள் பூஜ்யத்திலேயே நின்றால், சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். அதை வீடியோ எடுத்து வையுங்கள். மெக்கானிக்குக் காட்ட உதவும்.

சோதனை 3: கண்ணால் பாருங்கள், கையால் அசையுங்கள்

கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர், ஆயில், பச்சை நிறத் துரு, உள்ளே தள்ளிப்போன பின் இருக்கிறதா? வயர் பாடியில் உரசும் இடங்களை விடாதீர்கள். இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால், சுற்றும் பாகங்களிலிருந்து தள்ளி இருக்கும் வயரை மட்டும் லேசாக அசையுங்கள். முள் துள்ளினால் கோளாறு வயரில்தான்.

சோதனை 4: மல்டிமீட்டர்

பெரும்பாலும் இரண்டு வயர் என்றால் காந்தச் சுருள் வகை. கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரு பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். அளவு மேனுவலில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். மீட்டர் ஓப்பன் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் ஷார்ட். சூடானால் நின்று, ஆறினால் ஸ்டார்ட் ஆகும் மிஷினில் சூடாக இருக்கும்போதே அளந்து பாருங்கள். ஆறிய பின் சரியாகக் காட்டி ஏமாற்றும்! பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து செல்ஃப் அடித்தால் வோல்ட் வர வேண்டும்.

மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை. இதில் ஓம் பார்க்கக் கூடாது. சாவியை ஆன் செய்து, வயர் பக்கக் கனெக்டரில் சப்ளையும் எர்த்தும் வருகிறதா என்று பாருங்கள். சப்ளை பெரும்பாலும் 5 வோல்ட். சில மிஷின்களில் வேறுபடும். சப்ளையே வரவில்லை என்றால் புது சென்சார் மாட்டியும் பயன் இல்லை. எந்த வகையானாலும் வயரின் மேலுறையில் ஊசி குத்திப் பார்க்காதீர்கள். அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி அடுத்த கோளாறு வரும்.

சோதனை 5: முனையும் இடைவெளியும்

சென்சாரைக் கழற்றினால் காந்த முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம். துடைத்துவிட்டுப் பாருங்கள், பல நேரம் இதுவே போதும். முனை உரசித் தேய்ந்திருந்தால், ஃபிளைவீல் பற்களையும் பார்க்க வேண்டும். மரையுள்ள சென்சாரைத் திரும்ப மாட்டும்போது, பல்லின் தலை நேராக எதிரே இருக்கட்டும். பல்லில் லேசாகத் தொடும்வரை கையால் திருகி, மேனுவல் சொல்லும் அளவு பின்னே திருப்புங்கள். பொதுவாக அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை இருக்கும். போல்ட் போடும் வகையில் இந்தச் சரிசெய்தல் கிடையாது.

ஐந்தும் முடிந்து சென்சார்தான் பழுது என்று உறுதியானால், தைரியமா மாத்துங்க. பார்ட் நம்பரை ஒப்பிட்டு, ரசீதோடு வாங்குங்கள். பிழைப்புக்காக சுயதொழிலாக மிஷின் ஓட்டுபவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். போலிப் பொருள் கொடுத்து ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம். ரசீது இல்லாவிட்டால் வாங்கியதை நிரூபிப்பது கஷ்டம்.

இந்த வேலையை முறையாகக் கற்க உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கிறதா? அருகிலுள்ள அரசு ஐடிஐ-யில் 'மெக்கானிக் டீசல்' பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இந்தப் பக்கத்தை இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் ஆபரேட்டருக்கும் அனுப்பிடுங்க. மிஷின் நிற்கும் இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று சொல்ல முடியாதே!