மலையேறும் ஜீப்பும் மின்சாரக் கணக்கும்

வகுப்பு: 10, 11
பாடப்பகுதி: மின்னோட்டவியல், வேலை, ஆற்றல், திறன்
கற்றல் விளைவு: நிலை ஆற்றல், மின்திறன் ஆகியவற்றைக் கொண்டு அன்றாடச் சிக்கல் ஒன்றுக்கு மாணவர் தீர்வு காண்பர்.

தொடக்கம்

கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்களுக்கு ஜீப் புதிதல்ல. ஏலத்தோட்ட வேலைக்கு அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் போய்வருவது அதில்தான். "பழைய ஜீப்பின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளை வைத்துக் குறைந்த செலவில் மேகமலைக்கு ஓட்ட முடியுமா?" என்று வகுப்பில் கேளுங்கள். விடையை மாணவர்களே கணக்கிடட்டும்.

கணக்கு 1: ஏற்றம்

பேட்டரி நீங்கலாக, ஆட்களுடன் ஜீப்பின் நிறை 1500 கிலோ என்க. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குத் தூரம் ஏறத்தாழ 40 கி.மீ. ஏறும் உயரத்தை எளிமைக்காக 1000 மீட்டர் எனக் கொள்வோம்.

உயரத்துக்கான ஆற்றல் = 1500 × 9.8 × 1000 = 1,47,00,000 ஜூல். ஒரு யூனிட் (கிலோவாட் மணி) 36,00,000 ஜூல் என்பதால் இது 4.1 யூனிட். டயர் உராய்வுக்கு (குணகம் 0.015) மேலும் 2.4 யூனிட். ஆக மொத்தம் 6.5. மோட்டாரின் பயனுறுதிறன் 80% எனில், பேட்டரி தரவேண்டியது 8.2 யூனிட்.

கணக்கு 2: பேட்டரியின் எடை

12 வோல்ட், 150 ஆம்பியர் மணி கொண்ட காரீய அமில பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கும். ஏற்றத்தில் அதிக மின்னோட்டம் எடுப்பதால் பாதியே பயன்படும் எனக் கொள்வோம்: 0.9 யூனிட். அப்படியானால் 10 பேட்டரிகள் தேவை. ஒன்று 55 கிலோ எனில் மொத்தம் 550 கிலோ.

இங்கே நிறுத்தி, "கணக்கு முடிந்ததா?" என்று கேளுங்கள். அந்த 550 கிலோவையும் மலைக்கு ஏற்ற வேண்டுமே! புதிய நிறைக்குக் கணக்கிட்டால் 13 பேட்டரிகள் வரும். மறுபடியும் கணக்கிட்டால் 14. அங்கேதான் கணக்கு நிற்கும். எடை 770 கிலோ!

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 10 யூனிட்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ போதும். தேவை 8.7 யூனிட் மட்டுமே. மலிவான பேட்டரி மலைக்கு மலிவல்ல. 1993இல் வெளியான 'லவ்பேர்ட்' என்ற இருவர் அமரும் மின்சாரக் கார் கோயம்புத்தூரிலும் தயாரிக்கப்பட்டது. காரீய அமில பேட்டரியில் ஓடிய அதுவும் செங்குத்தான ஏற்றங்களில் திணறியது.

சிக்கனம் செய்ய வேறு இடம் உண்டு. பழைய கியர்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டால் சிறிய மோட்டாரே ஏற்றத்துக்குப் போதும்.

கணக்கு 3: இறக்கம்

உயிரோடு தொடர்புடைய பகுதி இது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஓட்டுநர் கியரைக் குறைத்து, இன்ஜினாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார். இன்ஜின் இல்லாத வண்டியில் மோட்டார் மின்னியற்றியாக மாறி அந்த வேலையைச் செய்ய வேண்டும். 1600 கிலோ வண்டி இறங்கும்போது உராய்வு போக 1.7 யூனிட் மிஞ்சும். மேலே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால் அது போக இடமில்லை. பிரேக் முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறும். எனவே மலைமேல் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்துவதே பாதுகாப்பு. இன்ஜின் வெற்றிடத்தால் இயங்கும் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியானால், அதற்குத் தனி மின்பம்பும் வேண்டும்.

விதிமுறை

வீட்டில் செய்துபார்க்கும் வேலையல்ல இது என்பதை வலியுறுத்துங்கள். அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கருவித் தொகுப்பைப் பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றையும் மாற்ற வேண்டும்.

மதிப்பீடு

1. ஏற்றத்தில் மோட்டார் 8640 வாட் எடுக்கிறது. மின்னழுத்தம் 72 வோல்ட். மின்னோட்டம் எவ்வளவு? வீட்டு மின்கம்பி அதைத் தாங்குமா?
2. சமவெளியில் 40 கி.மீ. ஓட எத்தனை யூனிட் தேவை? மலைப்பயணத்தோடு ஒப்பிடுக.
3. உங்கள் ஊர் ஜீப் ஓட்டுநர் ஒருவரிடம், இறக்கத்தில் எந்த கியரில் வருகிறார், ஏன் என்று கேட்டு எழுதி வருக.