போர்டு உயிரோடு இருக்க வேண்டும்

"மெமரி ஐசியை மட்டும் கழட்டி போட்டோவை எடுத்துக் குடுத்துடுங்கண்ணே, போன் போனா போகட்டும்." தண்ணீரில் விழுந்த போனோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பழைய போன்களில் அது நடந்தது. ஐசியைப் பிரித்து ரீடரில் வைத்தால் உள்ளே இருப்பது அப்படியே வரும்.

இப்போது வராது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உடனும் அதற்குப் பிறகும் வெளியான போன்கள் எல்லாவற்றிலும் தகவல் பூட்டித்தான் எழுதப்படுகிறது. ஐபோனில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அப்படித்தான். பூட்டுக்கான ரகசியத்தில் ஒரு பாதி பிராசஸருக்குள்ளேயே பதிந்திருக்கிறது, அதை வெளியே எடுக்க வழியில்லை. மறுபாதி நீங்கள் போடும் பின் நம்பர். ஆகவே அதே பிராசஸரும் அதே மெமரியும் அதே போர்டில் கொஞ்ச நேரமாவது ஓடியாக வேண்டும். கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் செத்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

மிக்ஜாம் புயல் மழையில் ஊறிய ஒரு போன் வந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சார்ஜிங் கனெக்டரைச் சுற்றிப் பச்சையாக அரித்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, பவர் சப்ளையில் மாட்டினேன். பட்டனைத் தொடும் முன்பே ஆம்பியர் ஏறியது. மெயின் லைனில் ஷார்ட். போர்டின் மேல் ரோசின் புகையைப் படியவிட்டு, அந்த லைனில் குறைந்த வோல்டேஜ் கொடுத்தேன். எள்ளில் பாதி இருக்கும் ஒரு கெபாசிட்டரின் மேல் மட்டும் அந்த வெள்ளைப் படிவு உருகி மறைந்தது. அதை எடுத்ததும் ஷார்ட் போனது. வேறொரு டிஸ்ப்ளேயைத் தற்காலிகமாக மாட்டினேன், லோகோ வந்தது. அடுத்து பின் கேட்டது.

போன், அதைக் கொண்டுவந்த பிள்ளையின் இறந்துபோன அப்பாவுடையது. பின் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை தன் விரலை அதில் பதிந்து வைத்திருந்தார். ஆனால் அணைந்து எழுந்த போன் முதலில் பின்னைத்தான் கேட்கும், கைரேகையை ஏற்காது. அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றிலிருந்து வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்: வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது பின் தெரிந்திருக்கட்டும். தெரியாவிட்டால் குத்துமதிப்பாக அடித்துப் பார்க்காதீர்கள். தப்பாகப் போடப் போட காத்திருக்கும் நேரம் கூடும். சில போன்களில், அப்படி அமைத்திருந்தால், பத்தாவது தப்பில் எல்லாமே அழிந்துவிடும்.

நனைந்த போனை உடனே அணையுங்கள். சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது, ஈரத்தோடு கரண்ட் சேர்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். அரிசியில் புதைப்பதும் வீண். உலோக மூடிக்கு அடியில் நிற்கும் தண்ணீரை அரிசி எடுக்காது, அப்படி வைத்திருக்கும் நாட்களில் போர்டு இன்னும் கெடும். மெமரி கார்டு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், பெரும்பாலும் அதில் பூட்டு இருக்காது.

லோகோவிலேயே நிற்கும் போனுக்கு "சாப்ட்வேர் போட்டா சரியாயிடும்" என்பார்கள். போன் சரியாகலாம். ஆனால் அப்படிப் போடும்போது ரீசெட் ஆகிவிட்டால் பூட்டின் பழைய சாவி அழிந்துவிடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. அதனால் போனை விடும்போதே "டேட்டாதான் வேணும், சாப்ட்வேர் போடாதீங்க, போர்டு மாத்தாதீங்க" என்று சொல்லி, அதைப் பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.