வெளிச்சத்துக்காகப் பிரித்த மாவுக்கட்டு

உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் ஒருவர் இருந்தால், கருவி வாங்கித் தரும் அத்தான் ஒருவரும் கட்டாயம் இருப்பார். என் அக்கா வீட்டுக்காரர் கொண்டுவந்தது அகச்சிவப்பு ஒளி தரும் பட்டைகள். காலில் ஒட்டி சுவிட்சைப் போட்டால் நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து, ரத்தக்குழாய் விரிந்து, மரத்த நரம்புக்கு உயிர் வரும், புண்ணும் ஆறும் என்று விற்றவர் சொன்னாராம். நான் வேண்டாம் என்றேன். “அப்பா காலுக்குமா கணக்குப் பார்ப்பே?” என்று அக்கா கேட்டது இன்னும் ஆறவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, காய்ப்புக்கு அடியில் குழிப்புண். சர்க்கரை அளவு, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது, சீழ் இல்லை. அதனால் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டார்கள். காலோடு ஒட்டிய கட்டு. உடம்பின் எடை புண்ணின் மேல் இறங்காமல் கால் முழுக்கப் பரவிவிடும். எங்கள் வேலூர்ப் பக்கத்துக்கு இது புதிதல்ல. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மரத்த கால்களுக்கு இங்கே போட்ட கட்டுதான், அவரோடு அமெரிக்கா போய் சர்க்கரைக் கால்களுக்கும் வந்தது. 2001-இல் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்தக் கட்டுப் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு 12 வாரத்தில் புண் ஆறியது. கழற்றக்கூடிய பூட்ஸ் போட்டவர்களில் 65 சதவீதம்தான். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவார்கள், வேறென்ன?

எங்கள் வீட்டில் கழற்றவே முடியாததைக் கழற்றினார்கள். பட்டை தோலில் ஒட்ட வேண்டும், கட்டு குறுக்கே நிற்கிறது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பக்கத்துத் தெரு கிளினிக்கில் அறுத்தெடுத்துவிட்டார்கள். அந்த வெளிச்சம் அப்பாவைச் சுடவில்லை. கெடுத்தது தரை. வெளிச்சம் காட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் கொல்லைக்கும் டீக்கடைக்கும் நடந்தார். வலி தெரியாத கால். கட்டும் இல்லாவிட்டால் அவரை எது நிறுத்தும்? புண் எலும்பைத் தொட்டது. கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

நடுவில் “உணர்ச்சி வருது” என்று அப்பாவே சொன்னார் என்பது அத்தானின் கட்சி. சோதித்தவர் யார்? விற்றவரேதான். நைலான் இழையால் தொட்டு “தெரியுதாய்யா?” என்றார். கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, வீடு தேடி வந்த பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று “தெரியுது தம்பி” என்றார். கண்ணை மூடச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த நைலான் இழையால், விற்பனையோடு சம்பந்தமில்லாதவர் தொடட்டும். சில தடவை தொடாமலே கேட்கட்டும்.

ஒளி வராத போலிக் கருவியைப் பாதிப் பேருக்குக் கொடுத்து ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2005-இல் வந்த ஆய்வில் போலி போட்டவர்களுக்கும் உணர்ச்சி கூடியது! 2008-இல் 69 பேரை வைத்து, தினமும் 40 நிமிடம் என்று 90 நாள் பார்த்தார்கள். நிஜத்துக்கும் போலிக்கும் வித்தியாசமே இல்லை. நரம்புக்கும் புண்ணுக்கும் இந்தக் கருவி என்றால் காசு தர மாட்டோம் என்று அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2006 அக்டோபரிலேயே கைவிரித்துவிட்டது. அச்செடுத்து அத்தானிடம் கொடுத்தேன். “அவங்க உடம்பு வேற, நம்ம உடம்பு வேற” என்றார். அங்கே விற்ற கருவி மட்டும் நம் உடம்புக்குச் சரிப்படும் போலிருக்கிறது.

யாராவது விற்க வந்தால், போலிக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வு இருக்கிறதா என்று கேளுங்கள். நலம் பெற்றவர்களின் போட்டோ ஆல்பத்தைத் திறந்தால் எழுந்துவிடுங்கள். முதுகுவலிக்குச் சூடு காட்டும் சிவப்பு பல்பை மரத்த காலுக்கு அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். சுட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள்.

கருவிக்குக் கொடுக்கும் பணத்தில், மரத்த காலுக்கென்றே மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று வெளியே போக, ஒன்று வீட்டுக்குள் போட. சாமி அறை வரைக்கும் அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறார். வீட்டுக்குள் செருப்பா என்று அக்கா முகம் சுளித்தாள். சுளிக்கட்டும்.