குஞ்சுக்குத் தாய்க்கோழி தரும் பாதுகாப்பு

கன்று பிறந்தவுடன் சீம்பால் ஊட்ட வேண்டும் என்பது கறவை மாடு வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகவே கன்றுக்குச் சேருகிறது. பால் கொடுக்காத கோழி தன் குஞ்சுக்கு என்ன கொடுக்கிறது? கோழியின் சீம்பால் முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கிறது. இதை அறிந்து கொண்டால், குஞ்சுகளுக்கு எந்த நாளில் தடுப்பு மருந்து கொடுப்பது என்ற குழப்பம் தீரும்.

மஞ்சள் கருவில் காவல்

தாய்க்கோழி ஒரு நோயிலிருந்து பிழைத்தாலும், அந்த நோய்க்குத் தடுப்பூசி போட்டாலும், அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. மஞ்சள் கரு பருக்கும் நாட்களில் இந்தப் பொருள் இரத்தத்திலிருந்து அதற்குள் இறங்குகிறது. அடைகாக்கும் 21 நாட்களில் கடைசிச் சில நாட்களில்தான் இதன் பெரும்பகுதி குஞ்சின் இரத்தத்திற்குச் செல்கிறது. பொரித்த பின்பும், குஞ்சின் வயிற்றில் மிஞ்சியுள்ள மஞ்சள் கருவிலிருந்து ஓரிரு நாள் சேருகிறது. முட்டை வழியே இச்சக்தி செல்வதை 1893-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியைச் சேர்ந்த கிளெம்பரர் என்ற மருத்துவர் சோதனை செய்து காட்டினார்.

தாயிடம் எந்த நோய்க்கு எதிர்ப்பு உண்டோ, அந்த நோய்க்கு மட்டுமே குஞ்சுக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

எத்தனை நாள் தாங்கும்?

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயை எடுத்துக் கொள்வோம். தாய் தந்த எதிர்ப்புப் பொருள் சுமார் நாலரை நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. முதல் நாளில் பதினாறு அணா இருந்தால், 9-ஆம் நாளில் நான்கு அணா. 18-ஆம் நாளில் ஒரே அணா. குஞ்சு தானாக இதைச் சம்பாதிக்கவில்லை. எனவே செலவானது திரும்ப ஊறாது. மூன்று, நான்கு வாரக் குஞ்சுகள் திடீரென மடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் முதல் நாளிலேயே மருந்து கொடுத்தால் என்ன? உயிருள்ள தடுப்பு மருந்திலுள்ள நச்சுயிரி குஞ்சின் உடலில் பெருகினால்தான் பலன் உண்டு. தாய் தந்த எதிர்ப்புப் பொருள் மிகுந்திருக்கும்போது, அது மருந்தையும் நோய் என்று எண்ணி அழித்து விடும். மிகவும் தாமதித்தாலோ நோய் முந்திக் கொள்ளும். ஆகவேதான் மருந்தைப் பல தவணைகளாகக் கொடுக்கிறோம்.

தடுப்பு மருந்து அட்டவணை

1. 7-ஆம் நாள்: எப் அல்லது லசோட்டா மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவும். இரத்தத்தில் தாயின் எதிர்ப்புப் பொருள் இருந்தாலும், கண், மூக்குப் பகுதிகளில் மருந்து வேலை செய்ய வழி உண்டு.

2. 4-ஆம் வாரம்: லசோட்டா மீண்டும் ஒருமுறை. தாயின் சக்தி தீர்ந்திருக்கும் இச்சமயத்தில் இதைத் தவறவிடக் கூடாது.

3. 8-ஆம் வாரம்: ஆர்.2.பி. தடுப்பூசி. இது வீரியமுள்ள மருந்து, இளங்குஞ்சுகளுக்குப் போடலாகாது.

தாயையும் கவனியுங்கள்

பல கோழிகளின் முட்டைகளைச் சேர்த்து அடை வைத்தால், குஞ்சுகளின் சக்தி ஒன்றுபோல் இராது. சில குஞ்சுகள் நிறையப் பெற்றிருக்கும். தடுப்பூசி போடாத கோழியின் குஞ்சுகள் வெறுங்கையுடன் பிறந்திருக்கும். ஆதலால் அடை முட்டைக்கான கோழிகள் அனைத்துக்கும் முட்டையிடத் தொடங்கும் முன்பே தடுப்பூசி போட்டு விடவும். முட்டையிடும் சமயத்தில் ஆர்.2.பி. போட்டால் முட்டை குறையும். தடுப்பூசி போட்ட மறுநாள் இட்ட முட்டையில் அதன் பலன் இராது. இரத்தத்தில் சக்தி ஏறி, புதிய மஞ்சள் கருவில் சேரச் சில வாரங்கள் ஆகும்.

மருந்தைப் பனிக்கட்டி வைத்த குடுவையிலேயே எடுத்து வரவும். நோய் கண்ட கோழிகளைப் பிரித்து வைத்து, கால்நடை மருத்துவரின் யோசனையைப் பெறவும். தாய் தரும் பாதுகாப்பு இரண்டு, மூன்று வாரத் தவணைதான். அது தீருமுன் குஞ்சுக்குச் சொந்தப் பாதுகாப்பைத் தேடித் தருவது வளர்ப்போரின் கடமையாகும்.