ஜாக்கெட் கையைப் பிரித்துத் தைக்கலாம்

எங்கள் ஜிம்மில் புதிதாகச் சேரும் பெண்களில் பலர் மாஸ்டரிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவேனுங்களா?" கேட்கும்போதே குரல் இறங்கிவிடும். அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விடுமோ என்பது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, முப்பத்து நான்கு வயதில் எடைப் பயிற்சியைத் தொடங்கியவள் நான். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். இரண்டு கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில், ஆக மாட்டீர்கள். ஆண்களுக்குத் தசையைப் பெருக்கித் தருவது டெஸ்டோஸ்டிரோன். பெண்களுக்கு அது சராசரியாக ஆண்களின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சுரக்கிறது. பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் ஆண்களின் அளவை எட்டாது. இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய எடைப் பயிற்சி உதவும் என்பதால், அவர்களுக்குத்தான் இது இன்னும் அவசியம். எங்கள் ஜிம்மில் தினமும் வந்து, தட்டு நிறையக் கோழி சாப்பிட்டும், கை பெருக்கவில்லையே என்று ஏங்கும் பையன்கள் இருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் வரும் நமக்கு ஒரே மாதத்தில் அது வந்துவிடப் போவதில்லை.

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைப் பாருங்கள். ஐந்தடிக்கும் உட்பட்ட உயரம். 2021-இல் டோக்கியோவில் அவர் ஒலிம்பிக் வெள்ளி வென்றது 49 கிலோ பிரிவில். கிளீன் அண்ட் ஜெர்க்கில் தலைக்கு மேல் தூக்கியது 115 கிலோ, அந்தப் பிரிவின் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு ஏன், கோவையில் கட்டட வேலை நடக்கும் எந்த இடத்துக்கும் போய்ப் பாருங்கள். சித்தாள் வேலைக்கு வரும் அக்காக்கள் செங்கல்லையும் கலவையையும் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறார்கள். அவர்களிடம் போய் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவீர்கள் என்று எந்த மேஸ்திரியும் எச்சரித்து நான் கேட்டதில்லை. கூலிக்குச் சுமந்தால் சரி, தனக்காகத் தூக்கினால் தப்பு என்பது என்ன நியாயம்?

அதற்காக உடம்பு மாறவே மாறாது என்று சொன்னால் அது பொய். மாறும். என் தோள் கொஞ்சம் அகன்றது, தொடை இறுகியது, பழைய ஜாக்கெட்டுகளின் கை பிடித்தது. டெய்லர் அக்கா இஞ்ச் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கை முக்கா இஞ்ச் கூடியிருக்குது, இடுப்பு எறங்கியிருக்குது, என்னங்க சாப்பிடறீங்க?" என்று கேட்டார். உள்தையல் இருந்ததால் பிரித்துத் தைத்தாயிற்று. பயிற்சி தொடங்கும் பெண்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனையே இதுதான்: புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது கையில் உள்ளே தாராளமாகத் துணி விடச் சொல்லுங்கள். துணிக்கு ஏற்ப உடம்பைக் குறுக்க வேண்டியதில்லை.

உடம்பு இப்படி மாறிய மாதங்களில் எடை மெஷின் முள் பெரிதாக அசையவில்லை. தசைக்குக் கொழுப்பைவிட அடர்த்தி அதிகம். அதனால் எடை குறையாமலே சுற்றளவு குறையும். மாதவிலக்குக்கு முன்பு நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவதும் உண்டு. தினமும் மெஷினில் ஏறி நின்று மனதை வருத்திக்கொள்வதைவிட, மாதம் ஒரு முறை இஞ்ச் டேப்பில் அளந்து பார்ப்பது நல்லது. ஒரு சின்ன நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்ன தூக்கினீர்கள், எத்தனை கிலோ, எத்தனை முறை என்று எழுதுங்கள். உடல் எடையைப் பற்றி இன்னொன்று. பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி 54 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றவர். ஆனால் 2000-இல் சிட்னியில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனது 69 கிலோ பிரிவில். எடை கூடினாலே எல்லாம் போச்சு என்று நினைக்கும் பெண்களுக்கு இந்தக் கதையை நான் விடாமல் சொல்வேன்.

இனி இரண்டாவது கேள்வி. பார்ப்பவர்களுக்கு, முக்கியமாகக் கட்டியவருக்கு, என்னைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆரோக்கியத்துக்காக மட்டும்தான் வருகிறேன் என்று சொன்னால்தான் மரியாதை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அழகாக இருக்க ஆசைப்பட்டு ஜிம்முக்கு வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் புடவை மாற்றுவேன். விளக்கை அணைக்கச் சொல்வேன். என் கணவர் ஒரு வார்த்தை குறை சொன்னவர் இல்லை. சொன்னதெல்லாம் நான்தான், எனக்குள். வயிற்றின் வரிகளை, தொங்கும் தோலை, தொடை உரசுவதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பேன். பயிற்சி தொடங்கியபின், கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியாத நாட்களிலேயே மனதுக்குள் ஏதோ இளகியது. அதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசைகளை நன்றாக வேலை வாங்கப் பழகுவதால்தான். தசை பெருப்பது அதற்குப் பிறகு. அதனால் உருவம் அப்படியே இருக்கும்போதே, போன வாரம் அசையாத எடை இந்த வாரம் எழும்பும். என் உடம்பைப் பற்றி வருடக்கணக்கில் குறையை மட்டுமே கேட்டுவந்த எனக்கு, அந்த உடம்பால் நல்லதும் முடிகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கூனி நடந்தவள் நிமிர்ந்தேன். ஒரு நாள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அவர், "உன் முதுகு ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அதுவரை என் முதுகை யாரும் கவனித்ததில்லை, நான் உட்பட. விளக்கை அணைக்கச் சொல்வது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெண்ணை எல்லோரும் பார்ப்பார்கள் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அவளுக்கும் ஆசை எழும் என்று யாரும் சொல்லவில்லை. பசியும் களைப்புமாகக் கிடக்கும் உடம்பில் அது எழாது. டயட் என்று சோற்றைக் குறைத்த காலத்தில் எனக்கு மிஞ்சியது எரிச்சல்தான். நன்றாகச் சாப்பிட்டு, தூக்கி, அடித்துப்போட்டாற்போலத் தூங்கத் தொடங்கியபின் அந்த ஆசையும் திரும்பி வந்தது. என் கணக்கில் இடுப்பளவு குறைந்ததைவிட இது பெரிய லாபம்.

தென்மாவட்டங்களில் இளவட்டக் கல்லைத் தூக்கியவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்பார்கள். ஆணின் பலம் அங்கே கல்யாணத் தகுதி. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் போட்டியில் பெண்களும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள். ஆனாலும் நம் பெண்களின் பலம் இன்னும் பெண் பார்க்கும் கூடத்துக்கு வந்து சேரவில்லை. என்னோடு பயிற்சி செய்யும் ஒரு தங்கைக்கு வரன் கூடிவந்தது. "நிச்சயத்துக்கு அப்புறம் வெயிட்டெல்லாம் வேண்டாம், கை முறுக்கிக்கிட்டுத் தெரியுது" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். "அது மட்டும் முடியாதுங்க" என்றாள். அந்த வரன் நின்றுபோனது. நின்றதே நல்லது என்பதுதான் என் எண்ணம். பலத்தைப் பார்த்து விலகுகிறவர்கள் தாலி கட்டும் முன்பே விலகட்டும்.

இதற்கு நேரெதிரான தொல்லை கைபேசியில் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் வரும் கட்டான வயிறும் உருண்ட பின்புறமும் வெளிச்சம், கோணம், நீர் குடிக்காமல் இருந்த நாள் எல்லாம் சேர்ந்தது. போட்டி மேடையில் நிற்பவர்களாலேயே அந்த உடம்பைச் சில நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த அளவுக்குக் கொழுப்பைக் கரைத்து, சாப்பாட்டையும் குறைத்தால் மாதவிலக்கே நின்றுவிடலாம். தொப்பையை மட்டும், கையை மட்டும் குறைக்கலாம் என்பதும் நடக்காது. கொழுப்பு எங்கிருந்து முதலில் கரையும் என்பதைத் தீர்மானிப்பது நம் பரம்பரையும் ஹார்மோன்களும்தான். ஒல்லியாக இல்லையே என்ற பழைய ஏக்கத்தை விட்டுவிட்டு, கட்டாக இல்லையே என்ற புது ஏக்கத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, என்ன செய்வது? உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையில் இருந்து தூக்கும் டெட்லிஃப்ட், தள்ளுவதில் ஒன்று, இழுப்பதில் ஒன்று. இந்த நான்கு போதும். வாரம் மூன்று நாள். ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பத்து முறை வீதம் மூன்று செட். இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். செட்டுகளுக்கு இடையில் இரண்டு நிமிடம் உட்காருங்கள், அவசரம் வேண்டாம். பத்து முறையும் சுலபமாகிவிட்டால் இருக்கும் ப்ளேட்டுகளிலேயே சிறியதைச் சேருங்கள். ஜிம்மில் இருக்கும் பெரிய ராட் வெறுமனே 20 கிலோ இருக்கும். பளுதூக்கும் போட்டிகளில் பெண்களுக்கு 15 கிலோ ராட் உண்டு, நம் ஊர் ஜிம்களில் அது கிடைப்பது அரிது. அதனால் தோளுக்கு மேல் தள்ளும் பயிற்சியை டம்பெல்லில் தொடங்குங்கள். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மெஷினில் சிக்கினால் ஆபத்து. ஷூவைவிட முதலில் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குங்கள். ரத்த அழுத்தம் இருந்தாலோ, சிசேரியன் ஆகிச் சில மாதங்களே ஆகியிருந்தாலோ, மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

பெண்கள் தங்களுக்குள்கூடப் பேசாத ஒன்று உண்டு. எடை தூக்கும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசிவது. பிரசவமானவர்களில் பலருக்கு இது இருக்கிறது. இதற்காகவே ஜிம்மை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்ததால் வருவது இது, சரி செய்யக்கூடியது. இதைக் கவனிக்கும் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். எடையைக் கொஞ்ச நாள் குறைத்து, தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட்டுப் பழகுங்கள். மாதவிலக்கு நாட்களில் முடிந்தால் தூக்குங்கள், முடியாவிட்டால் படுத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் குற்றமில்லை.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பெண்களுக்குக் குறைவது புரதம். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், மிஞ்சிய பொரியல், கடைசியில் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பது. எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் அளவு. சோயா உருண்டையில், காய்ந்த நிலையில், 100 கிராமுக்கு 50 கிராம்போல இருக்கும், விலையும் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஜிம்முக்குப் பணம் கட்டும் முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். படியேறினாலே மூச்சு வாங்குகிறதே, நமக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று விலகும் பலருக்குத் தேவை இரும்புச்சத்துதான்.

ஜிம்முக்குப் போக வழியில்லாதவர்களுக்கு வீட்டிலேயே எடை இருக்கிறது. 20 லிட்டர் தண்ணீர் கேன், 25 கிலோ அரிசிச் சிப்பம், நிறை சிலிண்டர் என்றால் சுமார் 30 கிலோ. முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, உடம்போடு ஒட்டித் தூக்கிப் பழகுங்கள். நேரே சிலிண்டரில் தொடங்காமல், பாதி நிரப்பிய கேனில் தொடங்குங்கள்.

என் அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மாதவிலக்கு நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும், தசை வற்றும், ஒரு முறை விழுந்தாலே இடுப்பு எலும்பு முறியலாம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லா வயதுப் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது. அம்மா நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரத் தொடங்கினார். இப்போது இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டு செய்கிறார். "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறேன் கண்ணு" என்பார், ஆனால் ஒரு நாளும் விடுவதில்லை.

உங்கள் ஊர் ஜிம்மில் லேடீஸ் டைம் எப்போது என்று விசாரித்துச் சேருங்கள். டிரெட்மில்லையும் ஒரு கிலோ டம்பெல்லையும் மட்டும் காட்டினால், ராட் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சொல்லித் தர மாட்டேன் என்றால், சொல்லித் தரும் ஜிம்மாகப் பார்த்துச் சேருங்கள். கூட ஒருத்தியையும் அழைத்துக்கொண்டு போங்கள்.