சூரைச்செடியின் கீழே ஒரு விசுவாசி



1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். கர்மேலிலே வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறான். தேவன் அவனைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூதன் தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறான். இரண்டாந்தரமும் அப்படியே. ஓரேபுக்குப் பிரயாணம், பேச்சு எல்லாம் அதற்கப்புறம்தான். தீர்க்கதரிசிக்கே இப்படி என்றால், டாக்டர் புற்றுநோய் என்று சொன்னவுடன் ஒரு விசுவாசி உடைந்துபோவது அவிசுவாசம் ஆகுமா?

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துவந்த ஒரு சகோதரியைப் பார்க்க நாலைந்து பேராகப் போயிருந்தோம். "விசுவாசிச்சா போதும் சிஸ்டர், அழக்கூடாது" என்றார் ஒருவர். "மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க" என்றார் இன்னொருவர். மற்றவர்கள் வாசலுக்குப் போனபின் அந்தச் சகோதரி என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள்: "பாஸ்டர், வியாதியைவிட, வர்றவங்க முன்னாடி சிரிச்சிக்கிட்டு இருக்கிறதுதான் கஷ்டமா இருக்கு. ராத்திரியில தூக்கமே இல்ல. கண்ணாடியைத் துணி போட்டு மூடி வச்சிருக்கேன்."

யோபுவின் சிநேகிதர் 7 நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்தார்களே, அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது!

மருத்துவரும் இந்த மனவேதனையை அற்பமாக எண்ணுவதில்லை. 1977-லேயே நியூயார்க்கிலுள்ள ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர் அம்மையார் இதற்கென்று தனிச் சேவை தொடங்கினார். நம்முடைய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. காய்ச்சலை அளக்கிறதுபோல மனபாரத்தையும் 0 முதல் 10 வரை நோயாளியையே குறிக்கச் சொல்லுகிற அளவுகோல் இருக்கிறது. 4-ம் அதற்கு மேலும் வந்தால் இன்னும் விசாரித்துப் பார்க்கிறார்கள்.

பசியில்லாமையும் சோர்வும் மருந்தாலும் வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிரியமில்லை, பிள்ளைகளிடத்தில்கூடப் பேச்சில்லை, நான் பாரமாயிட்டேன் என்கிற புலம்பல் இருந்தால், சிகிச்சை கொடுக்கிற டாக்டரிடமே சொல்லுங்கள். மனநல மாத்திரை சாப்பிடுவது விசுவாசத்துக்கு விரோதம் என்று எந்தப் பிரசங்கியார் சொன்னாலும் கேட்காதீர்கள். (இன்சுலின் போட்டுக்கொண்டே பிரசங்கிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!)

"செத்துப்போயிட்டா நல்லது" என்று ஒருவர் சொன்னால், "சேச்சே, அப்படிப் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதிருங்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதினால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. ஆமென்றால் தனியே விடாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணை ராப்பகல் எந்நேரமும் இலவசமாய் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இனி வீடு சந்திக்கப் போகும்போது, "ஜெபிக்கட்டுமா, சும்மா பக்கத்துல உட்காரட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். பத்து நிமிஷம் போதும். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. அவர்கள் தட்டையும் தம்ளரையும் தனியே வைக்கிற வீட்டாருக்கு அதை அன்பாய் எடுத்துச் சொல்லுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்கிற புருஷனோ மகளோ தூங்கினார்களா என்றும் விசாரியுங்கள். சகோதரிகள் ஒருவேளை சமைத்துக் கொண்டுபோகலாம். கீமோ எடுக்கிறவர்களுக்கு வாய்ப்புண் வருவதுண்டு, காரம் போடாதிருங்கள்.