எலிக்குப் பலித்தது எனக்கும் பலிக்குமா?

கேள்வி: எனக்குப் பெருங்குடல் அழற்சி. 'எலிகளிடம் வெற்றி' என்று புது மருந்துச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. நம்பலாமா?

பதில்: செய்தியை நம்புங்கள், அதை வைத்து நாள் குறிக்காதீர்கள். அந்த எலிக்கு நோய் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியம் என்ற ரசாயனத்தைக் கலந்து கொடுப்பார்கள். சில நாட்களில் குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தம் போகும். நல்ல தண்ணீருக்கு மாற்றினால் எலி பெரும்பாலும் தானாகவே தேறிவிடும்! உங்கள் நோயோ அடங்குவதும் தலைதூக்குவதுமாக வருடக்கணக்கில் நீடிப்பது.

செக்குகினுமாப் கதையைக் கேளுங்கள். அது இன்டர்லூகின்-17 என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து. அந்தப் புரதத்தை முடக்கியபோது சில எலி மாதிரிகளில் குடல் தேறியது, வேறு சிலவற்றில் மோசமானது. கிரோன் என்ற மற்றொரு குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2012இல் வந்தது: பலன் இல்லை, சிலருக்கு நோய் கூடவும் செய்தது. சொரியாசிஸுக்கு அதே மருந்து நன்றாகக் கேட்கிறது.

எல்லா விலங்கும் ஏமாற்றுவதில்லை. கொலம்பியக் காட்டின் டாமரின் குரங்குகளில் ஒரு வகைக்குக் கூண்டில் வளர்ந்தால் பெருங்குடல் அழற்சி தானாகவே வரும். வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழையாமல் தடுக்கும் ஆன்டிபாடியால் 1990களில் அவை தேறின. அதே இலக்கைக் குறிவைக்கும் வெடோலிசுமாப் என்ற மருந்து உங்கள் நோய்க்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அடுத்த செய்தியில் ஒன்றைத் தேடுங்கள்: மருந்தை நோய் வருமுன் கொடுத்தார்களா, வந்த பிறகா? முன்பே கொடுத்திருந்தால், உங்களுக்கு அதில் அதிகம் இல்லை.